ஹட்டனில் நடந்த முன்பள்ளிச் செயலமர்வு: 1,500 ரூபாய் கொடுத்துப் போகலாமா?

இலங்கை மலையகத்தில், டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பதினொரு வருசமாக முன்பள்ளி நடத்துகிறேன். போன மாதம் ஹட்டன் டவுனில் நடந்த ஒருநாள் செயலமர்வுக்குப் போய் வந்தேன். பகற்சாப்பாட்டோடு 1,500 ரூபாய். மியன்மாரின் முஸ்லிம் சிறுபான்மையினரான ரோஹிங்யா மக்களின் அகதி முகாம்களில் சின்னப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதுதான் தலைப்பு. "அதுக்கும் நமக்கும் என்ன டீச்சர்?" என்று கேட்டவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

வந்த வளவாளர் பங்களாதேஷின் காக்ஸ் பஜார் முகாம்களில் வேலை செய்தவர். 2017 ஆகஸ்டுக்குப் பிறகு மியன்மாரிலிருந்து 7 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அங்கே தப்பி வந்தார்கள். அதில் பாதிக்கு மேல் பிள்ளைகள். மியன்மாரின் 1982 குடியுரிமைச் சட்டத்தால் அவர்கள் நாடற்றவர்களாகிப் போனதை அவர் சொன்னபோது, பக்கத்திலிருந்த டீச்சர் மெதுவாக "நமக்கு 1948" என்றார். மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கிய இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்த வருசம் அது. என் தாத்தா பிரஜாவுரிமை இல்லாமலே கண் மூடியவர். அம்மாயிக்கு 2003 சட்டம் வந்த பிறகுதான் கிடைத்தது. அதற்கப்புறம் நான் குறிப்பெடுப்பதை நிறுத்தவே இல்லை.

அங்கே பிராக் என்ற பங்களாதேஷ் தொண்டு நிறுவனம் நடத்தும் விளையாட்டு நிலையங்களைப் பற்றித்தான் அதிகம் பேசினார். பிள்ளைகளோடு இருப்பவர்கள் முகாமிலேயே வாழும் ரோஹிங்யாப் பெண்கள். அவர்களுடைய பேச்சுக்கு எல்லோரும் பழகிய எழுத்து கிடையாது. அதனால் எழுத்தில் தொடங்காமல், வாய்வழியாக வந்த கப்யா என்ற பாட்டுகளில் தொடங்குகிறார்கள். தாய்மார் சொன்ன பாட்டையும் விளையாட்டையும் கேட்டுத் தொகுத்து, அதிலிருந்தே எண்ணவும் நிறம் சொல்லவும் பழக்குகிறார்கள். சுவர் அலங்காரம்கூட அவர்கள் ஊர்க் கோலத்தில்தான். எனக்கு இந்த ஒரு மணி நேரமே கொடுத்த காசுக்குப் போதும்.

குறையும் இருக்கிறது. கையில் கொடுத்த குறிப்பு முழுக்க இங்கிலிஸ். தோட்டத்து டீச்சர்மாருக்குத் தாய்மொழியின் அருமையைச் சொல்ல வந்தவர்கள் அதைத் தமிழில் அடித்துத் தந்திருக்க வேண்டாமா? சாப்பாடு இரண்டரைக்குத்தான் வந்தது. இன்னொன்று, 2025இல் நிதி இல்லாமல் முகாம்களில் யுனிசெப் உதவியோடு நடந்த கற்றல் நிலையங்கள் மூடப்பட்டு, ஆயிரத்துக்கு மேற்பட்ட உள்ளூர் ஆசிரியர்கள் வேலை இழந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மாதக் கொடுப்பனவு வருமா வராதா என்று பார்த்துக்கொண்டிருக்கும் எங்களுக்கு அதுவும் தெரிய வேண்டிய விசயம்தான்.

சரி, வந்து என்ன செய்தேன்? அடுத்த திங்கட்கிழமை அம்மாயியை முன்பள்ளிக்குக் கூட்டிப்போனேன். நாற்பது வருசம் கொழுந்து எடுத்த கை. பாயில் உட்கார்ந்து, பழைய கூடை ஒன்றை மடியில் வைத்து, சின்ன வயதில் எனக்குச் சொன்னதைச் சொன்னார்:

"ரெண்டு எல, ஒரு மொட்டு,
கூடையில கொட்டு கொட்டு."

ஒவ்வொரு "கொட்டு"க்கும் ஒரு பிள்ளை எழுந்து வந்து இலையைப் போட வேண்டும். சேர்ந்த நாளிலிருந்து வாய் திறக்காத பையன் ஒருவன் இருக்கிறான். நாலாவது சுற்றில் அவன் இலையைப் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "இதுல மொட்டு இல்ல" என்றான். அம்மாயி வாங்கிப் பார்த்து, "ஆமாடா சாமி, இத எடுத்தா கங்காணி ஏசுவாரு" என்றார். அவன் வெளியே ஓடி வேறொன்று பறித்து வந்தான்.

ஏபிசிடி எப்போது எழுதுவார்கள் என்று கேட்கும் தாய்மார் இருக்கிறார்கள். அந்தக் கவலை நியாயமானது, அவர்கள் படிக்கக் கிடைக்காதவர்கள். இப்போது வெள்ளிக்கிழமைகளில் அவர்களையும் பாயில் உட்கார வைக்கிறேன்.

மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளோடு இருப்பவர்கள் கட்டாயம் போங்கள். பதியும்போதே தமிழ்க் குறிப்பு கேளுங்கள். அடுத்தது மஸ்கெலியாவில் என்றார்கள். நான் அம்மாயிக்கும் சேர்த்துப் பெயர் கொடுத்திருக்கிறேன்.