ஃபுல் கிராஃபைட் என்று சொல்லி இரும்புத் தண்டு பேட்டை விற்றுவிட்டார்கள்: ஷட்டில் பழகும் பிள்ளைகளுக்கு வாங்கப் போகிறவர்கள் கவனிக்கவும்

ஏப்ரல் லீவில் ஏழாவது படிக்கும் என் மகளை ஷட்டில் கோச்சிங்கில் சேர்த்தேன். "ரெண்டாயிரத்துக்குள்ள லேசான பேட்டா பாருங்க சார், கட் இறுக்கமா போட வேண்டாம்" என்று மாஸ்டர் சொல்லி அனுப்பினார். கட் என்றால் பேட்டின் வளையத்தில் பின்னும் நரம்பு. எனக்கு அந்த விளையாட்டில் ஒன்றும் தெரியாது. திருச்சியில் நல்ல கூட்டம் வரும் ஒரு ஸ்போர்ட்ஸ் கடைக்குப் போய், பிள்ளை இப்போதுதான் ஆரம்பிக்கிறாள் என்று சொல்லித்தான் கேட்டேன்.

கடைக்காரர் பளபளவென்று ஒன்றை எடுத்து நீட்டினார். "ஃபுல் கிராஃபைட் சார், நாலு யூ, கையில இருக்கறதே தெரியாது. 26 பவுண்டுக்குக் கட்டிங் போட்டுத் தர்றேன், அடி பறக்கும்." கிராஃபைட் என்பது லேசான கார்பன் நார், நாலு யூ என்பது பேட்டின் எடை வகை, கட்டிங் என்பது நரம்பு கட்டுவது, பவுண்டு அதை எவ்வளவு இறுக்குகிறார்கள் என்ற கணக்கு. பேட் 1,850 ரூபாய், கட்டிங் 350. பில் கேட்டதற்கு, போட்டால் ஜிஎஸ்டி தனியாகச் சேரும் என்றார், நானும் சரி என்று யூபிஐ-யில் பணம் அனுப்பிவிட்டு வந்துவிட்டேன். அங்கேதான் பெரிய தப்பு செய்தேன்.

இரண்டாவது வாரமே பாப்பா ராத்திரி முழங்கைக்குக் கீழே தைலம் தேய்க்கச் சொன்னாள். புதிதாக விளையாடினால் வலிக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன், இப்போது நினைத்தாலும் மனசு கேட்கவில்லை. மூன்றாவது வாரம் மாஸ்டர் அந்தப் பேட்டை வாங்கி, தன்னுடையதை அதன்மேல் வைத்துக் காட்டினார். அவருடைய வளையத்துக்குப் பக்கத்தில் எங்களுடையது ஒருபக்கம் அமுங்கி, நசுங்கிய முட்டை மாதிரி இருந்தது. வளையமும் தண்டும் சேரும் இடத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நகத்தால் கீறி எடுத்தார். உள்ளே தனியாக மாட்டிய ஒரு ஜாயின்ட். முழு கிராஃபைட் பேட்டில் வளையமும் தண்டும் ஒரே துண்டாக ஓடும், இப்படி வெளியே தெரிகிற மாதிரி ஜாயின்ட் இருக்காது என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜில் இருந்த மீன் பொம்மைக் காந்தத்தை எடுத்துத் தண்டில் வைத்தேன். டக்கென்று ஒட்டிக்கொண்டது. கிராஃபைட்டில் காந்தம் ஒட்டாது, இரும்பில்தான் ஒட்டும். வளையத்தில் ஒட்டவில்லை, அது அலுமினியம். அப்புறம் சமையலறைத் தராசில் வைத்தால் 108 கிராம். நாலு யூ என்றால் கட்டும் மேல்கிரிப்பும் இல்லாமல் 80 முதல் 85 கிராமுக்குள் இருக்க வேண்டும், அவற்றைச் சேர்த்தாலும் சுமார் 95-தான் வரும். ஷட்டில் காக்கின் எடையே 5 கிராம் சொச்சம்தான், அதை அடிக்க இவ்வளவு கனத்தைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒரு மணி நேரம் வீசியிருக்கிறாள்.

அந்த 26 பவுண்டு விஷயம்தான் எனக்கு அதிகக் கோபம். இறுக்கிக் கட்டினால் அடி வேகமாகப் போகும் என்று நாமும் நம்பிவிடுகிறோம். உண்மையில் கட் இறுக இறுக, நடுவில் காக் சரியாகப் படும் இடம் சுருங்கிவிடும், தள்ளிப் பட்டால் அதிர்வு முழுவதும் கைக்குத்தான் வரும். பழகுகிறவர்களுக்கு 20, 22 பவுண்டு போதும், காக்கைத் தள்ளிவிடும் வேலையைக் கட்டே செய்யும். அதோடு ஒவ்வொரு பேட்டும் எத்தனை பவுண்டு வரை தாங்கும் என்று பொதுவாகத் தண்டுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். எங்களுடையதில் 22 என்று இருந்ததை மாஸ்டர் காட்டிய பிறகுதான் பார்த்தேன். வளையம் அமுங்காமல் என்ன செய்யும்?

இரும்புத் தண்டு, அலுமினிய வளையம் உள்ள பேட் மோசமான பொருள் என்று நான் சொல்லவில்லை. மொட்டைமாடியில் சாயங்காலம் தட்ட அது தாராளமாகப் போதும், அதை அதன் விலைக்கு, அதன் பெயரைச் சொல்லி விற்றிருந்தால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பிளாஸ்டிக் காக்கிலும் இதே கதைதான். அதே கடைக்காரர் சிவப்புப் பட்டை போட்ட டப்பாவைக் கொடுத்தார். சிவப்பு வேகமானது, குளிர் ஊருக்கு. நம் வெயிலுக்குப் பச்சைப் பட்டைதான் வாங்க வேண்டும், இல்லையென்றால் கோட்டுக்கு வெளியேதான் போய் விழும்.

திருப்பிக் கொடுக்கப் போனேன். "பாப்பா தரையில அடிச்சிருக்கும், இல்ல யார் பேட்லயாவது கிளாஷ் ஆகியிருக்கும்" என்றார். காந்தத்தை வைத்துக் காட்டினேன். பில் எங்கே என்று கேட்டார்.

வேறொரு கடையில், காந்தமும் தராசும் கையோடு கொண்டுபோய், தண்டு லேசாக வளைந்து கொடுக்கும், தலைப்பக்கம் கனக்காத பேட் ஒன்றை 1,600 ரூபாய்க்குப் பில்லோடு வாங்கினேன், கட் 21 பவுண்டு. கை வலி பத்து நாளில் போய்விட்டது. பழைய கடைமேல் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன், பில் இல்லாததால் யூபிஐ ரசீதையும், காந்தம் ஒட்டிய தண்டின் போட்டோவையும் கொடுக்கப் போகிறேன்.