மூடுபனி ஊரில் மரவேலி: எனாமலா, ஸ்டெயினா?

குன்னூரில் அக்டோபர் தொடங்கி டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மழை விட்ட நாளிலும் மூடுபனி இறங்கி வேலிப் பலகையை நனைத்துவிட்டுப் போகும். இங்கே மரவேலிக்கு எதைப் பூசுவது? நான் இரண்டையும் பூசிப் பார்த்துவிட்டேன். வாசல் பக்கம் எனாமல் பெயிண்ட், கொல்லைப் பக்கம் மரத்துக்குள் ஊறும் நிறப்பூச்சான வுட் ஸ்டெயின். இரண்டு பக்கமும் ஒரே சில்வர் ஓக் பலகைதான்.

எனாமல் பூசிய புதிதில் வேலி அவ்வளவு அழகு. தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும். மூன்றாம் வருடம் ஒரு பலகையின் அடியில் பெயிண்ட் லேசாக உப்பியிருந்தது. ஸ்க்ரூடிரைவரால் குத்தினேன். மேலே பச்சை பெயிண்ட் தோல் அப்படியே இருக்க, உள்ளே மரம் டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி பிட்டுக்கொண்டு வந்தது. மரம் ஈரத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும். அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் எனாமல் ஆணியைச் சுற்றி மயிரிழையாக வெடிக்கிறது. அந்த வெடிப்பில் இறங்கிய தண்ணீர் வெளியே வர வழியில்லை. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குள் இருந்தால் பூஞ்சை அண்டாது என்பது பொதுக் கணக்கு. பெயிண்டுக்குள் அடைபட்ட மரம் அந்த அளவுக்குக் காயவே காயாது.

ஸ்டெயின் மரத்துக்குள் ஊறிவிடும், மேலே தோல் கட்டாது. நனைந்த பலகை வெயில் வந்ததும் காய்ந்துவிடும். குறை இல்லாமல் இல்லை: இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூச வேண்டும், பாசியும் ஒட்டும். ஆனால் சுரண்டும் வேலை கிடையாது. பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, காயவிட்டு, மேலேயே ஒரு கோட். எனாமலை மறுபடி பூசப் பழையதைச் சுரண்டி எடுப்பதற்குள் கை விட்டுப்போகும். கடையில் பளபளப்பு வகையைத் தள்ளிவிட்டு, ஊறுகிற வகை, பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்தது என்று கேட்டு வாங்குங்கள். நிறமே இல்லாதது வேண்டாம்; மலை வெயிலைத் தடுப்பது அந்த நிறமிதான்.

சிலர் பழைய எஞ்சின் ஆயில் அடிக்கிறார்கள். காசு மிச்சம்தான். ஆனால் அதில் கன உலோகங்கள் உண்டு, மழையில் கரைந்து மண்ணில் இறங்கும். வேலியோரம் பீன்ஸ் போடுகிறவர்கள் தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். ஆளிவிதை எண்ணெயும் இந்த ஈரத்துக்குச் சரிப்படாது, கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும்.

இரும்பு கேட்டுக்கு எனாமல் பூசுங்கள். மரத்துக்கு என் கை ஸ்டெயின் டப்பாவுக்குத்தான் போகும்.

எதைப் பூசினாலும் பிப்ரவரி, மார்ச்சில், மரம் நன்றாகக் காய்ந்த பிறகு பூசுங்கள். பலகையை அறுத்த முனைதான் தண்ணீரை மளமளவென்று உறிஞ்சும். பலகையை வேலியில் பொருத்தும் முன்பே அந்த முனையை ஸ்டெயினில் முக்கி ஊறவிடுங்கள். அப்புறம், வேலிக்கால். மண்ணைத் தொடும் இடத்தில் சில்வர் ஓக்கை எந்தப் பூச்சும் அதிக நாள் காப்பாற்றாது. நான் இப்போது கல்தூண் நட்டு, பலகையைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கி போல்ட் போட்டிருக்கிறேன்.