சிலோஸ்டசோல் 100: கால் வலிக்கு நல்லதுதான், கேஸ் மாத்திரையைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்

தெருமுனை வரை நடந்ததும் கெண்டைக்கால் கவ்விப் பிடிக்கும். நின்றால் சில நிமிடத்தில் விட்டுவிடும். மறுபடி நடந்தால் அதே தூரத்தில் திரும்பப் பிடிக்கும். கால் இரத்தக்குழாய் அடைத்த சர்க்கரை நோயாளிகளின் இந்த வலிக்குத்தான் சிலோஸ்டசோல். ராத்திரியில் பாதம் எரிவதும் ஊசி குத்துவதும் பெரும்பாலும் நரம்புச் சமாச்சாரம்; அதற்கு இதை விழுங்கிப் பயனில்லை.

இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஒட்டாமல் இந்த மாத்திரை தடுக்கிறது, குழாயையும் விரிக்கிறது. நடக்கும் தூரம் ஓரளவு கூடும், அடைப்பு கரையாது. வலி குறைந்துவிட்டதே என்று, இரத்தம் கட்டாமல் இருக்கப் போடும் ஆஸ்பிரினையோ குளோபிடோக்ரெலையோ தானாக நிறுத்துவது பெரிய தப்பு.

வழக்கமான அளவு 100 மி.கி., காலையும் மாலையும், சாப்பாட்டுக்கு அரை மணி முன்போ இரண்டு மணி நேரம் கழித்தோ. கொழுப்பு மிகுந்த சாப்பாட்டோடு போட்டால் இரத்தத்தில் மருந்தின் உச்ச அளவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். 'தலை வலிக்கிறது, நெஞ்சு படபடக்கிறது' என்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, மாத்திரையைப் பூரிக்கு முன் போட்டார்களா, பின் போட்டார்களா என்பதை.

இனி கேஸ் மாத்திரை. காலையில் வெறும் வயிற்றில் ஒமிப்ரசோல் போடும் பழக்கம் வீட்டுக்கு வீடு இருக்கிறது, பலர் அதை மருந்தாகவே கணக்கில் சேர்ப்பதில்லை. கல்லீரலில் சி.ஒய்.பி. 2சி19 என்ற நொதியை அது மட்டுப்படுத்துகிறது. குளோபிடோக்ரெல் வேலை செய்யத் தொடங்குவதே அந்த நொதியால். அதனால் அதன் பலன் குறையும். சிலோஸ்டசோல் கழிவதற்கும் அதே நொதி வேண்டும். அதனால் இதன் வீரியம் ஏறும். ஒரே கேஸ் மாத்திரை ஒன்றை இறக்கி மற்றொன்றை ஏற்றுகிறது! ஒமிப்ரசோல் தொடர்ந்தால் சிலோஸ்டசோல் 50 மி.கி. இருவேளை போதும், பான்டோப்ரசோல் என்ற வேறு கேஸ் மாத்திரைக்கு மாற்ற முடியுமா என்று மருத்துவரைக் கேட்பது இன்னும் நல்லது. டில்டியாசெம் (பி.பி., நெஞ்சுவலி மருந்து), கிளாரித்ரோமைசின் (ஆன்டிபயாடிக்), இட்ராகோனசோல் (பூஞ்சை மருந்து) சேர்ந்தாலும் 50தான். குளோபிடோக்ரெலோடு ரெபாக்ளினைடு என்ற சர்க்கரை மாத்திரை போடுபவர்களுக்கு வேறொரு வம்பு: சர்க்கரை திடீரென்று தாழ்ந்துபோகும்.

இதயம் பலவீனமானவர்கள், அது லேசாக இருந்தாலும், இதைத் தொடவே கூடாது. இதே வகையைச் சேர்ந்த மில்ரினோன், இதயச் செயலிழப்பு நோயாளிகளில் இறப்பைக் கூட்டியது 1991-இல் வெளியான ஆய்வில் தெரிந்தது. மூச்சிரைப்போ கால் வீக்கமோ இருந்தால் எக்கோ (இதய ஸ்கேன்) பார்க்காமல் சீட்டு எழுதுவது ஆபத்து. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டும் ஏற்கெனவே ஓடுகிறதா, கடந்த ஆறு மாதத்தில் மாரடைப்போ, இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்ததோ உண்டா, சிறுநீரகம் மிகவும் பழுதா? இவர்களுக்கும் வேண்டாம் என்பதே ஐரோப்பிய விதி. மலம் தார் போலக் கறுத்தால் உள்ளே இரத்தம் கசியலாம், காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவமனை.

தொடங்கும் நாளில் வலி வரும் வரை எத்தனை மின்கம்பம் தாண்டினீர்கள் என்று குறித்து வையுங்கள். மூன்று மாதம் கழித்தும் அதே கம்பம்தான் என்றால், மருத்துவரிடம் சொல்லி மாத்திரையை நிறுத்திவிடலாம்.