எடிசனில் வீடு, வேலை மன்ஹாட்டனிலா பிலடெல்பியாவிலா?

நியூஜெர்சிக்குக் குடிவந்த புதிதில் என் பெரிய பயம், ஒரே சம்பளத்துக்கு இரண்டு மாநிலங்கள் வரி பிடிக்கும் என்பதுதான். இரண்டு மாநிலங்களில் வரிக்கணக்குப் படிவம் (ரிட்டர்ன்) போடுவது வேறு, இரண்டு முறை வரி கட்டுவது வேறு என்று புரிய ஒரு ஏப்ரல் மாதம் போனது. நியூஜெர்சியின் எடிசன் ஊர்ப் பக்கம் வீடு பார்த்துக்கொண்டு, வேலையை எங்கே எடுப்பது என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மன்ஹாட்டன் வேலை என்றால், நியூயார்க் எந்த மாநிலத்தோடும் வரி ஒப்பந்தம் (வசிக்கும் மாநிலம் மட்டும் சம்பளத்துக்கு வரி பிடிக்கும் ஏற்பாடு) வைத்துக்கொள்ளவில்லை. வேலை செய்த இடம் என்ற முறையில் முதல் வரி அதற்கு. வெளி மாநிலத்தவருக்கான ஐடி-203 படிவத்தை முதலில் முடிக்க வேண்டும். அதில் வரும் வரித்தொகையை வைத்துத்தான் நியூஜெர்சி ரிட்டர்னில் கிரெடிட், அதாவது வரிக்கழிவு, கேட்க முடியும். வரிசையை மாற்றினால் கணக்கு நிற்காது. நடுத்தரச் சம்பளத்தில் நியூயார்க் வரிதான் பொதுவாகக் கூடுதல். அதனால் அந்தச் சம்பளத்துக்கு நியூஜெர்சியில் கட்ட வேண்டியது பெரும்பாலும் மிகக் குறைவு. நிறுவனம் தரும் ஆண்டுச் சம்பளப் படிவமான டபிள்யூ-2-வில் இரு மாநிலங்களுக்கும் வேறு வேறு சம்பளத் தொகை இருந்தால் பதற வேண்டாம். சம்பளத்தில் பிடிக்கும் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு நியூஜெர்சி வரிவிலக்கு தருவதில்லை. வித்தியாசம் பல நேரம் அதனால் வருவதுதான்.

ஆற்றைத் தாண்டி நியூயார்க் நகரத்திலேயே குடியிருந்தால் ஒரே மாநில ரிட்டர்னோடு வேலை முடியும். ஆனால் நகர வரி 3.078 முதல் 3.876 சதவீதம் வரை உண்டு. ஒரு லட்சம் டாலர் வாங்கும் தனியாளுக்கு ஆண்டுக்கு 3,000 டாலருக்கு மேல் போகும். வெளியிலிருந்து வருபவர்களுக்கு 1999-லிருந்து அந்த வரி இல்லை. ஒரு படிவம் மிச்சம் என்பதற்காக இவ்வளவு பணத்தை விடுவது சரியில்லை என்பது என் கருத்து.

பலர் ஏமாறுவது வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களில்தான். உங்கள் வசதிக்காக எடிசன் வீட்டில் உட்கார்ந்து வேலை பார்த்தால், அந்த நாளையும் நியூயார்க் தன் கணக்கில்தான் சேர்க்கும். விதிவிலக்கு வேண்டுமென்றால், நிறுவனத்தின் தேவைக்காகவே வெளியில் வேலை செய்ததாக நிரூபிக்க வேண்டும். கனெக்டிகட்டில் வசித்த சட்டப் பேராசிரியர் எட்வர்ட் செலின்ஸ்கியே இந்த விதியை எதிர்த்து நியூயார்க் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் வரை போய் 2003-ல் தோற்றார். பதிலுக்கு 2023-ல் நியூஜெர்சியும் இதே மாதிரி விதி வைத்திருக்கும் மாநிலத்தவர்களுக்கு இந்த விதியைக் கொண்டுவந்தது. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை என்பதால் நியூயார்க் வரி குறையும் என்று பட்ஜெட் போட்டுவிடாதீர்கள்.

பென்சில்வேனியா மாநிலத்தில் இருக்கும் பிலடெல்பியாவின் கதை வேறு. நியூஜெர்சிக்கும் பென்சில்வேனியாவுக்கும் ஒப்பந்தம் உண்டு. சம்பளத்துக்கு வசிக்கும் மாநிலத்தில் மட்டும் வரி, அதனால் ஒரே மாநில ரிட்டர்ன். கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? ஆனால் ஒப்பந்தம் மாநில வரிக்கு மட்டும்தான். பிலடெல்பியா நகரம் தன் சம்பள வரியை வெளியூர்க்காரர்களிடமும் பிடிக்கும். 2025 ஜூலை முதல் அது 3.43 சதவீதம். நியூஜெர்சி இதற்கும் கிரெடிட் தருகிறது என்பதால் பெரிய நஷ்டம் இல்லை. நிறுவனமே வெளியில் வேலை செய்யச் சொன்ன நாட்களுக்கு நகரத்திடம் ரிஃபண்டும் கேட்கலாம்.

படிவச் சுமை மட்டும் பார்த்தால் என் ஓட்டு பிலடெல்பியாவுக்கு. சேர்ந்த முதல் வாரமே, பென்சில்வேனியா வரி பிடிக்க வேண்டாம் என்று கேட்கும் ரெவ்-419 படிவத்தை நிறுவனத்திடம் கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால் பென்சில்வேனியாவின் 3.07 சதவீதத்தைப் பிடித்துவிடுவார்கள். அதைத் திரும்ப வாங்க அந்த மாநிலத்திலும் ரிட்டர்ன் போட வேண்டியிருக்கும். அப்புறம் முதல் சம்பளச் சீட்டில் நியூஜெர்சி வரி பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். பிடிக்காவிட்டால் கிரெடிட் போக மிஞ்சும் தொகையை நீங்களே காலாண்டுக்கு ஒருமுறை கட்டி வர வேண்டும்.