கப்டன் இல்லாத காட்ஸ் கட்டுக்கு 9,950 ரூபாய்

முகநூலில் எனக்கு ஒரு காட்ஸ் விளையாட்டு விற்ற ஆட்கள் இன்று பின்னேரம் ஐந்து மணிக்கு என்னை ப்ளொக் பண்ணிவிட்டார்கள். போன காசு 9,950 ரூபாய். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "போனது போகட்டும்" என்று நானே விட்டுவிடுவேன், அந்த ஆட்கள் நம்பியிருப்பதும் அதைத்தான். இப்படிச் சாமான் வாங்கும்போது எதையெல்லாம் பார்க்கவேண்டும் என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

பெயர் போடவில்லை. முகநூலில் விளையாட்டுச் சாமான் விற்கிற ஒரு பக்கம், கொழும்பிலிருந்து அனுப்புகிறோம் என்பார்கள், கடை முகவரி எங்கும் இராது. நாளைக்குப் பெயரை மாற்றிக்கொண்டு வேறு படத்தோடு வருவார்கள்.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை இரவென்றால் காட்ஸ். கொக்குவிலுக்குக் கல்யாணம் பண்ணி வந்த நாளிலிருந்து 304 என்கிற காட்ஸ் ஆட்டம்தான். மாமிக்கு எழுபத்திரண்டு வயது, எந்த ஜாக் யாரிடம் இருக்கிறது என்று ஆளின் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். பிரச்சினை என்னவென்றால் 304க்கு நாலு பேர், நாங்கள் ஐந்து பேர். பத்து வயது மகள் எப்போதும் வெளியே. ஒரு நாள் சேர்த்தோமென்றால் "துரும்பை (மற்ற எல்லாக் காட்ஸையும் வெல்லுகிற காட்டை) வீணாக்கிப்போட்டாள்" என்று தமையன் கத்துவான், அவள் அழுவாள், படுக்கப்போகும்போது வீடு இரண்டு கட்சியாக இருக்கும். எல்லோரும் ஒரே பக்கம் நின்று, வென்றால் சேர்ந்து வென்று, தோற்றால் சேர்ந்து தோற்று, அரை மணித்தியாலத்துக்குள் முடிகிற ஒன்று வேண்டும் என்று தேடினேன்.

மகன்தான் மூன்று விளையாட்டுக் கண்டுபிடித்தான். த மைண்ட் என்பதில் 1 முதல் 100 வரை இலக்கங்கள், வாய் திறக்காமல் ஏறுவரிசையில் போடவேண்டும். ஆனால் நாலு பேருக்கு மேல் முடியாது, மகள் திரும்பவும் வெளியே. ஹனாபி 2013இல் ஜெர்மனியில் ஆண்டின் சிறந்த விளையாட்டாகத் தெரிவானது, ஐந்து பேருக்கும் சரி. அதில் உன் கையிலுள்ள காட்ஸை நீ பார்க்கக்கூடாது, மற்றவர்களுக்குக் காட்டிப் பிடிக்கவேண்டும். "என்ர கையை எனக்குக் காட்டாத விளையாட்டு ஒரு விளையாட்டோ?" என்று மாமி அந்தக் கதையை அங்கேயே முடித்துவிட்டார்.

மிஞ்சியது த க்ரூ. 2020இல் ஜெர்மனியில் கென்னர்ஷ்பீல் விருது (கொஞ்சம் பழகிய ஆட்களுக்கான ஆண்டின் சிறந்த விளையாட்டு) வாங்கியது, மூன்று முதல் ஐந்து பேர், பத்து வயதுக்கு மேல், ஒரு ஆட்டம் 20 நிமிடம். எங்களுக்கு என்றே செய்தது போல இருந்தது, ஏனென்றால் 304 மாதிரியே பிடி எடுக்கிற விளையாட்டு, அதாவது ஆளுக்கொரு காட் போட, வென்ற காட்டைப் போட்டவர் அந்தச் சுற்றுக் காட்ஸை எடுப்பார், அதுதான் ஒரு பிடி. நாலு நிறம், ஒவ்வொன்றிலும் 1 முதல் 9. அதற்கு மேல் நாலு ரொக்கெட் காட்ஸ், அவைதான் துரும்பு. மொத்தம் 40. வித்தியாசம் என்னவென்றால், இன்ன காட் விழுகிற பிடியை இன்ன ஆள் எடுக்கவேண்டும் என்று வேலை பிரிப்பார்கள், எல்லாருடைய வேலையும் சரிவந்தால்தான் வெற்றி. கதைக்கக்கூடாது. ஒரு காட்டை மட்டும் மேசையில் வைத்து, இது என்னிடமுள்ள அந்த நிறத்தில் பெரியது, சின்னது, அல்லது இது ஒன்றுதான் இருக்கிறது என்று காட்டலாம். (304இல் மாமி இருமியே இதைச் சொல்லிவிடுவார், அது வேறு கதை.) 4ஆம் ரொக்கெட் யாரிடம் வருகிறதோ அவர் கப்டன், அவர்தான் முதல் காட் போடவேண்டும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நகரத்தில் மூன்று கடை ஏறி இறங்கினேன். ஊனோ இருந்தது, சாதாரண காட்ஸ் இருந்தது, இது இல்லை. அப்போதுதான் இந்தப் பக்கம் கண்ணில் பட்டது. விலை 9,500, அனுப்பும் செலவு 450. சாமான் கைக்கு வந்த பிறகு காசு தரலாமா என்று கேட்டேன். "தரலாம் அக்கா, ஆனா இது கடைசிப் பெட்டி, இன்னொரு ஆளும் கேட்டுக்கொண்டு நிக்கிறார்" என்றார். கண்ணாடித்தாள் பிரிக்காத பெட்டியைத் திருப்பித் திருப்பி ஒரு வீடியோ அனுப்பினார். அதற்கும் நான் அசையவில்லை. பிறகு ஒரு குரல்பதிவு வந்தது.

"அக்கா, நானும் யாழ்ப்பாணம்தான், சாவகச்சேரி. எங்கட ஆக்களை ஏமாத்துவனே?"

அவ்வளவுதான், விழுந்துவிட்டேன். அந்த "ஏமாத்துவனே"யில் அப்படியே எங்கள் ஊர்ப் பெடியனின் குரல். பின்னால் கோழி ஒன்று கொக்கரித்ததும் கேட்டது. கொழும்பிலிருந்து அனுப்புகிறவர் வீட்டில் கோழி ஏன் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அடுப்பில் புட்டு அவிந்துகொண்டிருந்தது. என் கணவர் "பாத்துச் செய்யும்" என்று சொல்லச் சொல்ல, ஒரு கையால் நீத்துப்பெட்டியை இறக்கிக்கொண்டு மற்றக் கையால் 9,950 ரூபாயை அனுப்பிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை தட்டாதெருச் சந்தியில் நின்று பார்சல்காரர் போன் எடுத்தார். பெட்டி பாரமில்லாமல் இருந்தபோதே வயிற்றைக் கலக்கியது. உள்ளே அச்சுப் பெட்டியே இல்லை, ஸிப் வைத்த பொலித்தீன் பையில் ஒரு கட்டு. வீட்டுப் பிரின்ரரில் அடித்து பிளேட்டால் வெட்டியது, ஓரங்களில் வெள்ளைச் சிலும்பு. எண்ணினோம்: 34. அதிலும் ரோஸ் 3 இரண்டு தடவை. வேலை பிரிக்கும் சின்னக் காட்ஸ் ஒன்றுகூட இல்லை, விதிப்புத்தகம் இல்லை. மகன் ஒரு காட்டை ரியூப் லைட்டுக்கு நேரே பிடித்தான். பின்பக்கத்தாலேயே இலக்கம் தெரிந்தது. ரொக்கெட் மூன்றுதான், 4 இல்லை. கப்டன் இல்லாமல் முதல் காட்டை யார் போடுவது?

பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். அன்றிரவு, "குடோன்ல மாறிப்போச்சு அக்கா, நாளைக்குப் பாக்கிறன்." புதன்கிழமை, "பெட்டி பிரிக்கேக்க வீடியோ எடுத்தனீங்களோ?" எடுக்கவில்லை என்றதும் குரலே மாறியது: "அப்ப நீங்கள்தான் மாத்திப்போட்டீங்களோ தெரியாது." என்னைக் கள்ளி ஆக்கியாயிற்று! நேற்று வேறு யாரோ "அன்பான வாடிக்கையாளரே" என்று ஆரம்பித்து, பிரித்த சாமானைத் திருப்பி எடுப்பதில்லை என்று எழுதினார். இன்று நான் போன் எடுத்தபோது கதைத்த ஒரு பெண், அவர் குளிக்கிறார் என்றார். ஒரு மணித்தியாலம் கழித்து எடுத்தேன், இன்னும் குளிக்கிறாராம். ஐந்து மணிக்கு ப்ளொக். பார்சல்காரர், "நாங்கள் பெட்டியைத்தான் கொண்டுவாறம், உள்ளுக்கிருக்கிறது எங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றார், அது நியாயம். வங்கியில், நீங்களே விரும்பி அனுப்பிய காசு என்று கையை விரித்துவிட்டார்கள்.

9,950 ரூபாய் என்பது இரண்டு பிள்ளைகளின் ஒரு மாத ரியூசன் காசு. விளையாட்டின் மேல் எனக்குக் கோபமில்லை, அதை இன்னும் விளையாட ஆசைதான்.

சரி, விரிவாகச் சொல்கிறேன் என்றேன், மாமி கூப்பிடத் தொடங்கிவிட்டார், நாலாவது ஆள் நான்தான். கெதியாகச் சொல்கிறேன். முகவரி இல்லாத பக்கத்துக்கு முற்பணம் அனுப்பாதீர்கள். "கடைசிப் பெட்டி" என்றால் விட்டுவிடுங்கள். பார்சல்காரர் நிற்கும்போதே வீடியோ எடுத்துக்கொண்டு பிரியுங்கள். காட்ஸை எண்ணுங்கள், த க்ரூ என்றால் பெரியது 40, சின்னது 36. குரல்பதிவுகளை அழிக்காதீர்கள், நான் திங்கட்கிழமை நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்குப் போன் எடுக்கப்போகிறேன், என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பதிவுகள்தான். ஊர்ப் பேச்சைக் கேட்டு மயங்காதீர்கள்.

உள்ளே காட்ஸ் கலைக்கிற சத்தம் கேட்கிறது. மகள் எனக்குப் பக்கத்தில் இருந்து, பால்மாப் பெட்டி அட்டையை வெட்டி, 4ஆம் ரொக்கெட்டைக் கலர் பென்சிலால் கீறிக்கொண்டிருக்கிறாள்.