மாஸ்டடான்: ஒரு குழுவாக இருந்து பார்த்ததில்

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ட்விட்டர் போன்ற சமூக வலைத்தளத்தை யாரும் சொந்தமாக நடத்த உதவும் மாஸ்டடான் நல்ல மென்பொருள். நாலு பேரறியப் பேச வேண்டிய வேலை உள்ள எந்தக் குழுவும் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் "அங்கே முதலாளியே கிடையாது, எல்லாம் பரவலாக்கப்பட்டது" என்று யாராவது கூப்பிட்டால் அதை மட்டும் நம்பிப் போக வேண்டாம். ஒரே பெரிய முதலாளிக்குப் பதிலாக அங்கே ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன முதலாளிகள் இருக்கிறார்கள். உங்களுக்கு வாய்த்தவர் பொறுமைசாலியா, முன்கோபியா, அடுத்த வருடமே சலித்துப்போய்க் கடையைக் கட்டிவிடுவாரா என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

பழக்கமில்லாதவர்களுக்குச் சுருக்கமாக. ஜெர்மனியைச் சேர்ந்த ஓய்கன் ரோஷ்கோ 2016-ல் வெளியிட்ட மென்பொருள் இது. நிரல் திறந்தே கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் சர்வரில் நிறுவிக்கொள்ளலாம். அப்படி நிறுவிய சர்வர்கள் ஆக்டிவிட்டிபப் என்ற பொது நெறிமுறை மூலம் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் (இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு அதை 2018 ஜனவரியில் ஏற்றுக்கொண்டது). அதனால் நான் ஒரு சர்வரில் இருந்துகொண்டு வேறு சர்வரில் இருப்பவரைப் பின்தொடரலாம். படங்களுக்கான பிக்சல்ஃபெட், வீடியோவுக்கான பியர்டியூப் போன்றவற்றில் இருப்பவர்களையும் அதே கணக்கிலிருந்தே பின்தொடரலாம். 2022 அக்டோபரில் ட்விட்டர் கைமாறியபோது கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்தார்கள். சுமார் 3 லட்சம் பேர் புழங்கிய இடம் ஒரே மாதத்தில் 25 லட்சமானது என்று ரோஷ்கோவே அப்போது எழுதினார். அதில் நிறையப் பேர் திரும்பிப் போய்விட்டார்கள். எங்கள் தன்னார்வக் குழு அங்கேயே தங்கிவிட்டது.

தங்கியதற்குக் காரணம் டைம்லைன்தான். போஸ்ட்டுகள் நேர வரிசையில் வருகின்றன, அவ்வளவுதான். விளம்பரம் இல்லை, நமக்கு எது பிடிக்கும் என்று ஊகித்து மேலே தள்ளும் அல்காரிதம் இல்லை. "நாளைக் காலைக்கு ஆள் வேண்டும்" என்று சாயங்காலம் போட்ட அறிவிப்பு, பின்தொடர்பவர் இரவு ஆப்பைத் திறந்தால் அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். மற்ற இடங்களில் அந்த அறிவிப்பு கூட்டம் முடிந்து நாலு நாள் கழித்து ஒருவர் கண்ணில் படும், "முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா" என்று நம்மிடமே கேட்பார்! ஒரு போஸ்ட்டுக்கு இயல்பாக 500 எழுத்து என்பதும் குழு அறிவிப்புக்குப் போதுமான அளவு. உள்ளடக்க எச்சரிக்கை வசதியை அங்கே மக்கள் உண்மையிலேயே பயன்படுத்துகிறார்கள். வருத்தமான செய்தியை மடித்து வைக்கிறார்கள், விருப்பமிருந்தால் திறந்து படிக்கலாம்.

குறைகளில் சில பழகிவிடும். முகவரியில் பெயரோடு சர்வர் பெயரும் ஒட்டிக்கொண்டிருப்பது, சேரும்போதே "எந்த சர்வர்?" என்று கேட்பது, இரண்டும் புதியவர்களை மிரட்டும். இதைச் சரிசெய்யத்தான் 2023-ல் அதிகாரபூர்வ ஆப் புதியவர்களை மாஸ்டடான்.சோஷியல் என்ற தலைமை சர்வர் பக்கமாகவே முதலில் நகர்த்தத் தொடங்கியது. சேருவது சுலபமானது, ஆனால் பரவலாக்கம் என்று கடை விரித்தவர்களே கூட்டத்தை ஒரே இடத்தில் சேர்க்கிறார்களே என்று பழைய ஆட்கள் முகம் சுளித்தார்கள். எனக்கு இரண்டு தரப்பும் புரிகிறது. ஒருவரை மேற்கோள் காட்டிப் பேசும் வசதி பல வருடங்களாக வேண்டுமென்றே தரப்படாமல் இருந்து, 2025-ல்தான் வந்தது. யார் தன்னை மேற்கோள் காட்டலாம் என்பதை எழுதியவரே தீர்மானிக்கலாம் என்ற கட்டுப்பாட்டோடு வந்ததால் தாமதத்தை மன்னிக்கலாம். முழுத் தேடல் வசதியும் அப்படித்தான், சம்மதம் கொடுத்தவர்களின் போஸ்ட்டுகள் மட்டுமே தேடலில் கிடைக்கும்.

இனி பழகாத விஷயத்துக்கு வருகிறேன்.

நாங்கள் முதலில் இருந்த சர்வரின் பெயர் வேண்டாம். தனி ஆள் ஒருவர் சொந்தச் செலவில் நடத்திவந்தார், அந்த வகையில் அவர் மேல் எனக்கு மரியாதைதான். ஒரு நாள் இன்னொரு பெரிய சர்வரின் அட்மினோடு அவருக்கு வாக்குவாதம் முற்றியது. இரவோடு இரவாக அந்த சர்வரையே சஸ்பெண்ட் செய்துவிட்டார். காலையில் எங்கள் குழுக் கணக்கைத் திறந்தால் பின்தொடர்பவர்களில் ஒரு பெரிய பகுதி காணவில்லை. "அக்கா, நாம யாரையாவது திட்டிட்டோமா?" என்று குழுவில் சின்னப் பையன் ஒருவன் கேட்டான். நாங்கள் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பக்கம் இருந்தவர்களும் ஒன்றும் சொல்லவில்லை.

இதில் தெரிந்துகொள்ள வேண்டியது, மாஸ்டடானில் ஒரு சர்வரை "லிமிட்" செய்வதும் "சஸ்பெண்ட்" செய்வதும் வேறு வேறு. லிமிட் என்றால் அங்கிருப்பவர்கள் பொது டைம்லைனில் தெரிய மாட்டார்கள், ஆனால் ஏற்கெனவே பின்தொடர்பவர்களுக்கு எதுவும் மாறாது. சஸ்பெண்ட் என்றால் இரு பக்கப் பின்தொடர்தலும் அறுந்துபோகும். அட்மின் மனம் மாறித் தடையை நீக்கினாலும் அறுந்தவை தாமாக ஒட்டாது, ஒவ்வொருவரும் மறுபடி வந்து பின்தொடர வேண்டும். 2024-ல் வந்த 4.3 பதிப்பிலிருந்துதான், உங்கள் தொடர்புகள் இப்படி அறுந்துவிட்டன என்று அறிவிப்பாவது வருகிறது. சஸ்பெண்ட் வசதியே தப்பு என்று சொல்லவில்லை. 2019-ல் கேப் என்ற வெறுப்புப் பேச்சுத் தளம் மாஸ்டடான் நிரலை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தபோது, சர்வர் சர்வராக அதை வெட்டிவிட்டதால்தான் மற்றவர்கள் நிம்மதியாக இருக்க முடிந்தது. அன்று யாரும் தலைமையகத்தின் உத்தரவுக்காகக் காத்திருக்கவில்லை. அந்தக் கத்தி ஒரே ஆளின் கையில், கேள்வி கேட்க யாருமில்லாமல் இருப்பதுதான் சிக்கல்.

பால் பாரன் என்ற பொறியாளர் 1964-ல் வலைப்பின்னல்கள் பற்றி எழுதியபோது மூன்று படங்கள் போட்டார். ஒன்றில் எல்லாக் கோடுகளும் ஒரே மையத்துக்குப் போகும். மூன்றாவதில் மையமே இல்லாமல் வலைபோல எல்லாப் புள்ளிகளும் பக்கத்துப் புள்ளிகளோடு இணைந்திருக்கும். நடுவில் உள்ளதில் பல மையங்கள், ஒவ்வொன்றையும் சுற்றித் தொங்கும் புள்ளிகள். மாஸ்டடான் இந்த நடுப்படம்தான். ஒரு மையம் விழுந்தால் மொத்த வலையும் விழாது, சரி, ஆனால் அந்த மையத்தில் தொங்கியவர்கள் விழத்தான் செய்வார்கள். விளம்பரப்படுத்துபவர்கள் மூன்றாவது படத்தைக் காட்டி நடுப்படத்தை விற்கிறார்கள் என்பதே என் புகார்.

நாங்கள் வெளியேற முடிவெடுத்தோம். இங்கே மாஸ்டடானைப் பாராட்டியாக வேண்டும், பெரும்பாலான பெரிய தளங்களில் இப்படி ஒரு வழியே கிடையாது. புதுக் கணக்கின் அமைப்புகளில் பழைய முகவரியை மாற்றுப்பெயராகச் சேர்க்க வேண்டும், பிறகு பழைய கணக்கில் போய் "வேறு கணக்குக்கு மாறு" என்பதில் புது முகவரியையும் பாஸ்வேர்டையும் கொடுக்க வேண்டும். அடுத்த சில நிமிடங்களில் பழைய கணக்கின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வர, புதியதில் ஏறிக்கொண்டே போகும். பின்தொடர்பவர்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. நாம் யார் யாரைப் பின்தொடர்கிறோம் என்ற பட்டியலைக் கோப்பாக இறக்கி மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். போஸ்ட்டுகள் மட்டும் வராது. வீடு மாறியவருக்கு வரும் தபாலைப் புது விலாசத்துக்குத் திருப்பிவிடுவார்கள், பீரோ பழைய வீட்டிலேயே நிற்கும், அந்தக் கதைதான். எங்கள் பழைய அறிவிப்புகள், பதில்கள், நன்றி சொன்னவர்களின் வார்த்தைகள் எல்லாம் அங்கேயே நின்றுவிட்டன, பிறகு அந்த சர்வர் மூடப்பட்டபோது அவையும் போயின. புளூஸ்கை என்ற போட்டித் தளத்தின் ஏடி நெறிமுறையில் போஸ்ட்டுகளையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போகலாம் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. அங்கே பெரும்பாலோர் இன்னும் ஒரே நிறுவனத்தின் சர்வர்களில்தான் இருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

சர்வர் தேடுபவர்களுக்கு ஒரு உபயோகமான தகவல். மாஸ்டடானின் அதிகாரபூர்வப் பட்டியலில் இடம்பெற வேண்டுமென்றால் ஒரு சர்வர் சில உறுதிமொழிகள் தர வேண்டும்: தினமும் பேக்கப், இனவெறி போன்றவற்றுக்கு எதிரான கண்காணிப்பு, அவசரத்துக்கு உள்ளே நுழையக் குறைந்தது இன்னொருவருக்கு அனுமதி, மூடுவதென்றால் 3 மாத முன்னறிவிப்பு. அந்த "இன்னொருவர்" யார் என்று சேரும் முன்பே அட்மினிடம் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த சர்வரைப் பாருங்கள்.

நாங்கள் கடைசியில் சொந்தமாகவே ஒன்றை வைத்துக்கொண்டோம். அதில் ஆச்சரியப்படுத்திய முதல் விஷயம் சேமிப்பிடம். நாம் போடும் படங்கள் கொஞ்சம்தான், ஆனால் நாம் பின்தொடரும் எல்லோருடைய படங்களையும் சர்வர் பிரதி எடுத்து வைத்துக்கொள்கிறது. அவ்வப்போது பழையவற்றை அழிக்கக் கட்டளை கொடுக்காவிட்டால் டிஸ்க் நிரம்பி எல்லாம் நின்றுவிடும். இரண்டாவது விஷயம்தான் முக்கியம்: டொமைன், அதாவது சர்வரின் இணையப் பெயர். மாஸ்டடான் சர்வர் ஒரு முறை ஒரு டொமைனில் இயங்கி மற்ற சர்வர்களோடு பேசத் தொடங்கிவிட்டால், பிறகு அந்தப் பெயரை மாற்றவே முடியாது. ஆகவே அந்த டொமைன் யார் பெயரில் பதிவாகிறதோ அவர்தான் உண்மையான உரிமையாளர். குழுவில் என்ன தீர்மானம் போட்டாலும், யாரைத் தலைவராக வைத்தாலும், டொமைன் கணக்கின் பாஸ்வேர்ட் யார் கையில் இருக்கிறதோ அவர் சொன்னதுதான் நடக்கும். உள்ளாட்சிக்குப் பொறுப்புகளை அள்ளிக் கொடுத்துவிட்டு நிதியையும் ஊழியர்களையும் மேலேயே வைத்துக்கொள்ளும் அரசுகள் செய்வதும் இதுவேதான். காகிதத்தில் அதிகாரம் கீழே இறங்கியிருக்கும், கையெழுத்து மட்டும் மேலே இருக்கும்.

அந்த டொமைனுக்கும் மேலே ஒருவர் உண்டு என்பது தனிக் கொடுமை. குயர்.ஏஎஃப் என்று ஒரு மாஸ்டடான் சர்வர் இருந்தது. அதன் வால்பெயர், அதாவது கடைசியில் வரும் ஏஎஃப், ஆப்கானிஸ்தானுக்கு உரியது. 2024 பிப்ரவரியில் தாலிபான் நிர்வாகத்தின் கீழுள்ள அமைச்சகம் அந்தப் பெயரை முடக்கியது, சர்வரின் கதை அதோடு முடிந்தது. எழுத்து பார்க்க அழகாக இருக்கிறதே என்று ஏதோ ஒரு நாட்டின் வால்பெயரை வாங்கும் முன் இதை நினைத்துக்கொள்ளவும்.

முன்மாதிரி வேண்டுமென்றால் சோஷியல்.கூப் என்ற சர்வரைப் பார்க்கலாம். 2017-லிருந்து கூட்டுறவாகவே நடக்கிறது. உறுப்பினர்கள் தங்களால் முடிந்த அளவில் பணம் போடுகிறார்கள், முடிவுகளை லூமியோ என்ற கருவியில் விவாதித்து ஓட்டுப் போட்டு எடுக்கிறார்கள். எங்களால் அந்த அளவுக்கு முடியவில்லை, அதற்குப் பொறுமையும் வேண்டும் ஆளும் வேண்டும். ஆனால் இரண்டு விதி அங்கிருந்து கிடைத்த தைரியத்தில் போட்டோம். அட்மின் பொறுப்பில் இருப்பவர் எந்த சர்வரையும் உடனே லிமிட் செய்யலாம், சஸ்பெண்ட் என்றால் ஓட்டெடுப்பு. டொமைன் கணக்கு, சர்வர், பேக்கப் மூன்றுக்கும் ஒன்றுக்கு மேற்பட்டவரிடம் அணுகல் இருக்க வேண்டும். ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவின் த்ரெட்ஸ் தளம் 2023 டிசம்பரில் ஆக்டிவிட்டிபப்பைச் சோதிக்கத் தொடங்கியதிலிருந்து பல சர்வர்களில் ஓயாமல் நடக்கும் சண்டை எங்களிடமும் வந்தது. உள்ளே விடுவதா, வெட்டுவதா? விவாதம் நீண்டு சலிப்பூட்டியது, இரண்டு பேர் கொஞ்ச நாள் பேசிக்கொள்ளவில்லை. கடைசியில் லிமிட் என்று முடிவானது. நான் எதிர்த்து ஓட்டுப் போட்டவள், முடிவை ஏற்றுக்கொண்டேன். முன்பு இருந்த சர்வரில் இதே விஷயம் ஒருவரின் ஒரு கிளிக்கில் முடிந்திருக்கும், எங்களுக்குத் தெரிந்திருக்கவே தெரிந்திருக்காது.

எதற்குப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரகசியமாகத் திட்டமிட இது இடமில்லை. தனிச்செய்தி என்பது பெயருக்குத்தான் தனி. அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்க முடிகிற முழு மறையாக்கம் கிடையாது, சர்வர் தரவுத்தளத்தை அணுக முடிந்தவர் படிக்க முடியும், அனுப்பியவர் பக்கத்து அட்மினும் சரி, பெறுபவர் பக்கத்து அட்மினும் சரி. இன்னொன்று, தனிச்செய்திக்குள் மூன்றாம் ஆளின் முகவரியைக் குறிப்பிட்டால் அந்தச் செய்தி அவருக்கும் போய்ச் சேர்ந்துவிடும். ஒருவரைப் பற்றி முணுமுணுக்கும்போது அவர் பெயருக்கு முன்னால் @ குறியைப் போட்டுத் தொலைக்காதீர்கள். அந்த மாதிரிப் பேச்சுக்கெல்லாம் சிக்னல் என்ற செய்தி ஆப்பை வைத்துக்கொள்ளுங்கள். அதை நடத்துவது ஒரே அமைப்பு, பரவலாக்கம் எதுவும் இல்லை, ஆனால் செய்தியைப் படிக்க அந்த அமைப்பாலேயே முடியாது.

மதிப்பெண் கேட்டால், தனியாளுக்கு ஐந்துக்கு நாலு தருவேன். குழுவுக்கு, தொழில்நுட்பம் தெரிந்த ஒரே ஒருவரை நம்பி நிற்கும் குழுவென்றால் இரண்டு, அந்த வேலையைக் கற்றுக்கொள்ள இன்னும் இருவர் முன்வந்தால் நாலரை. சொந்த சர்வருக்கு முன், பட்டியலில் உள்ள ஏதாவது ஒரு சர்வரில் ஒரு கணக்கு திறந்து சில மாதம் புழங்கிப் பாருங்கள். டொமைனை அதற்குப் பிறகு வாங்கினால் போதும்.