விழாமல் நடக்கப் பயிற்சி: மயிலாப்பூர் பிசியோதெரபி மையத்தில் ஆறு வாரங்கள்

என் அம்மாவுக்கு 71 வயது. இரண்டு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்மானம், வலக்காலில் அதிகம். வடக்கு மாட வீதியில் பூ வாங்கித் திரும்புகையில் முழங்கால் மடங்கி விழுந்த பிறகுதான், வீட்டருகே உள்ள இந்தச் சிறிய மையத்தில் அவரைச் சேர்த்தேன்.

முன்பு சென்ற இடங்களில் ஒத்தடம் கொடுத்து, கரண்ட் வைத்து அனுப்பிவிடுவார்கள். இங்கே பயிற்சியாளர் முதல் நாளே, ஓராண்டில் எத்தனை முறை தடுமாறினார், இரவில் கழிவறைக்கு எழுவாரா, தூக்க மாத்திரை உண்டா, கண்ணாடியை எப்போது மாற்றினார் என்றெல்லாம் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லி நேரம் பார்த்தார். 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் உண்டென்று கொள்வார்கள். அம்மாவுக்கு 19 ஆயிற்று. ஒரு காலின் குதிகால் மற்றதன் விரல்நுனியைத் தொடும்படி ஒரே கோட்டில் 10 நொடி நிற்க வேண்டிய சோதனையில், நான்காவது நொடியிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டார்.

மூட்டு வலிக்கும்போது தொடையின் முன்தசை முழு விசையோடு இயங்குவதில்லை என்றும், கால் எந்த நிலையில் இருக்கிறதென்று மூளைக்குச் செல்லும் உணர்வும் மங்கிவிடுவதால் கால் தடுக்கினால் சுதாரிக்க முடிவதில்லை என்றும் அவர் விளக்கினார். இத்தனை ஆண்டுகளில் இதை எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.

கைத்தடியை அம்மா வலிக்கும் கால் பக்கமே பிடித்துவந்தார். "இடக்கையில் பிடியுங்கள் அம்மா, வலக்காலோடு சேர்ந்தே தடியும் முன்னால் வரட்டும்" என்றார் பயிற்சியாளர். செருப்போடு நிற்கவைத்து, கையைத் தொங்கவிடச் சொல்லி, மணிக்கட்டு மடிப்பின் உயரத்துக்குத் தடியைக் குறைத்தார். வழவழவென்று தேய்ந்திருந்த ரப்பர் பூணையும் மாற்றினார். அன்று மாலையே அம்மாவின் நடையில் சாய்வு குறைந்திருந்தது.

கையூன்றாமல் எழுந்து உட்காருவது, சமையல் மேடையைப் பிடித்தபடி பக்கவாட்டில் நடப்பது, படியேறுகையில் நல்ல காலையும் இறங்குகையில் வலிக்கும் காலையும் முதலில் வைப்பது என எல்லாமே வீட்டில் செய்யக்கூடியவை. ஆறு வாரத்தில் 19 நொடி 14 ஆயிற்று. இது போதாது, பயிற்சியை விடக்கூடாது என்று அவர் மழுப்பாமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு முறைக்கு 500 ரூபாய். மாலையில் கூட்டம் அதிகம். காலையில் செல்வது நல்லது.

பெரிய குறை வாசலில்தான். மூன்று கிரானைட் படிகள், கைப்பிடி இல்லை, காலையில் துடைத்த ஈரம் காய்வதற்குள் நோயாளிகள் வந்துவிடுகிறார்கள். தடுமாறுபவர்களே வரும் இடத்தில் இதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. இரண்டு முறை சொல்லிவிட்டேன், "வைத்துவிடுகிறோம்" என்கிறார்கள். அம்மா இன்னும் என் தோளைப் பிடித்துத்தான் அந்தப் படிகளில் ஏறுகிறார்.